வியாழக்கிழமைப் புல்

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு டெர்க் வெஸ்ஸெலிங்க் சாவதென்று முடிவாகியிருந்தது. எங்கள் பாதையில் உள்ள ஆறு வீடுகளுக்கும் அது தெரியும். தபால்காரருக்கும் தெரியும். பால் வண்டி ஓட்டுகிறவர் திங்கட்கிழமையே வந்து, தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் முதல் அண்டை வீட்டுக்காரன் என்று ஒரு பொறுப்பு உண்டு. யார் வீட்டு வாசல் முதலில் வருகிறதோ அவன். பிள்ளை பிறந்தால் அவன் வீட்டிலிருந்துதான் திராட்சை ரொட்டி போக வேண்டும். சாவு விழுந்தால் மற்ற வீடுகளுக்குப் போய்ச் சொல்வது, பெட்டி தூக்க ஆள் சேர்ப்பது, அன்றைக்கு அந்த வீட்டு மாடுகளுக்குத் தீனி வைப்பது எல்லாம் அவன் வேலை. டெர்க்குக்கு நான் முதல் அண்டை, எனக்கு டெர்க். என் மனைவி செத்தபோது ஒரு குறை இல்லாமல் எல்லாவற்றையும் செய்தவன் அவன். பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியை அவன்தான் பிடித்திருந்தான்.

என் பெயர் பெரென்ட். எனக்கு மாடு கிடையாது. புல் அறுவடை இயந்திரம் வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கு வேலை செய்கிறேன். டெர்க் என்னைவிட எட்டு வயது மூத்தவன். ஆனாலும் சின்ன வயதிலிருந்தே வாடா போடாதான்.

குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. பிப்ரவரியில் நுரையீரல் என்றார்கள். ஏப்ரலில் தலைக்குள்ளும் மூன்று இடத்தில் இருக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே ஊர் டாக்டர் மார்லூஸை வரச்சொல்லி, ஊசி போட்டுத் தன்னை அனுப்பிவிடும்படி கேட்டான். அதில் அவனுக்குத் தயக்கமே இல்லை. அவனுடைய அப்பா முதியோர் விடுதியில் நான்கு வருடம் புத்தி மாறிக் கிடந்தவர். நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் வார் கட்டியிருப்பார்கள்.

"என்னைப் பாத்து, சார், எப்ப சார் வீட்டுக்கு விடுவீங்கன்னு கேட்டாருடா," என்று டெர்க் என்னிடம் சொல்லியிருக்கிறான். "பெத்த புள்ளைய சார்ங்கிறாரு. உங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கறப்பவே நான் கிளம்பிடணும். ஹன்னா முன்னால அப்படி உக்காந்திருக்க மாட்டேன்."

வெளியூரிலிருந்து இன்னொரு டாக்டர் வந்து தனியாக ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எங்கள் நாட்டில் சட்டம் இதற்கு இடம் தருகிறது, ஆனால் இரண்டாவது டாக்டரும் பார்த்து ஒப்ப வேண்டும். "மாட்டுக்கே ஒரு டாக்டர் போதும், எனக்கு ரெண்டு பேர்," என்று டெர்க் சிரித்தான். தாள்களில் கையெழுத்தானது. நாள் குறித்தார்கள். முன்னறையில் படுக்கை, அதன் இரு பக்கமும் மனைவி ஹன்னாவும் மகன் லம்மெர்ட்டும். நான் சமையலறையில் இருக்க வேண்டும், முடிந்ததும் மற்றவர்களுக்குச் சொல்ல. "உன் மூஞ்சியப் பாத்துகிட்டே சாகணும்னு எனக்குத் தலையெழுத்தா? சமையக்கட்டுலயே இரு," என்றான்.

அந்த வருடம் வசந்தம் முழுக்க ஈரம். முதல் வெட்டுப் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து, நுனியில் கதிர் தள்ள ஆரம்பித்திருந்தது. கதிர் வந்துவிட்டால் சத்துப் போய்விடும், பிறகு அது வெறும் நார். எல்லாப் பண்ணையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வானிலை அறிக்கையில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் நல்ல வெயில் என்று வந்தது. வெள்ளி தொடங்கிப் பத்து நாள் மழை. என் கைப்பேசி ஓயவில்லை. செவ்வாய்க்கு ஒரு பண்ணை, புதனுக்கு எக்பெர்ட் பண்ணை, வியாழனுக்கு யாரும் இல்லை. வியாழன் மதியம் நான் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் காலியாக வைத்திருந்தேன்.

பத்து மணிக் காபிக்கு வெஸ்ஸெலிங்க் வீட்டுக்குப் போனேன். டெர்க் மேசையில் உட்கார்ந்திருந்தான். மருந்தால் முகம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஹன்னா இஞ்சிக் கேக்கை வெட்டி வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். லம்மெர்ட் தொழுவத்திலிருந்து வந்து, மரச்செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காராமல் நின்றான்.

"பெரென்ட், நம்ம புல்லு என்ன பண்றது?" என்றான்.

"எடுக்கணும்," என்றேன்.

"புதன்கிழமை வர முடியுமா? நாளைக்கு வெட்டிப்போட்டுடறேன்."

"புதன் எக்பெர்ட்டோடது."

"மாத்திக்க மாட்டாரா? ஒரு நாள்தானே?"

அப்போது நான் சொன்னதைப் பற்றி இதற்கு முன் நானாக யாரிடமும் வாய் திறந்ததில்லை.

"கேட்டேன். அவன் ஒத்துக்கல," என்றேன்.

நான் கேட்கவே இல்லை. எக்பெர்ட் பெரிய பண்ணைக்காரன், கொஞ்சம் முறைப்பான ஆள், ஆனால் காரணம் சொல்லிக் கேட்டால் மாற்றியிருப்பான். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை காலம் கழித்தும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. வியாழன் இரண்டு மணியை நினைத்துப் பார்த்திருப்பேன். அந்தச் சமையலறையில் நான் உட்கார்ந்திருப்பேன், கதவுக்கு அந்தப் பக்கம் டெர்க்குக்கு ஊசி போடுவார்கள். அந்த நேரத்தில் இயந்திரத்தின் மேல் ஏறி, காதை அடைக்கிற சத்தத்தில், வயலில் இருந்தால் தேவலை என்று எனக்குள் ஏதோ ஒன்று விரும்பியிருக்க வேண்டும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப வியாழக்கிழமைதான் இருக்கு," என்றான் லம்மெர்ட். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஹன்னாவின் கத்தி நின்றது. "வியாழக்கிழமை என்ன நாள்னு தெரியுமா, தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. நான் புல்லப் பத்திதான் பேசறேன்."

"புல்லு கெட்டுப் போகட்டும். வெலைக்கு வாங்கிக்கலாம்."

"முதல் வெட்ட யாராவது வெலைக்கு வாங்குவாங்களா?" என்றான் டெர்க். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் கேக்கைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தான். பாதி பிய்ந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. "சொல்லுடா, என்ன நெனைக்கற?"

லம்மெர்ட்டுக்கு முப்பத்து நான்கு வயது. ஆறடிக்கு மேல் உயரம். அவன் கழுத்து சிவந்துபோனதைப் பார்த்தேன்.

"உங்களுக்கு… திங்கக்கிழமைன்னா சரிப்படுமாப்பா?"

ஹன்னா எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். டெர்க் கோப்பைக்குள் விழுந்த துண்டைக் கரண்டியால் தேடி எடுத்துச் சாப்பிட்டான்.

"பாத்தியா பெரென்ட்," என்றான். "நான் சாகறதுக்குக்கூட மழையப் பாத்து நேரம் குறிக்கறாங்க." பிறகு சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "சரிடா. புல்லு காத்திருக்காது, நான் காத்திருப்பேன். என் சாவுக்கு நடுவுல உன் வண்டி ஜன்னலோரமா போய்ட்டு வந்துட்டிருந்தா எனக்கும் கவனம் அதுலதான் இருக்கும். டாக்டருக்குப் போன் போடு."

வெள்ளிக்கிழமை மார்லூஸ் ஊரில் இல்லை, அதனால்தான் லம்மெர்ட் திங்கள் கேட்டான். இருந்தாலும் அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டிருந்தான் லம்மெர்ட். "டெர்க், நாள் உங்களோடது, நீங்க தள்ளிவைக்கலாம், வேண்டாம்னுகூடச் சொல்லலாம். ஆனா ஏற்கனவே சொல்லியிருக்கேன். தலையில இருக்கறது முன்கூட்டித் தகவல் சொல்லிட்டு வராது. அன்னைக்கு நீங்களே உங்க வாயால எங்கிட்டச் சொல்லணும். சொல்ல முடியாமப் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாமப் போகலாம்."

"நாலு நாள்தானே டாக்டர்," என்றான் டெர்க். "நாலு நாளுக்குள்ள நான் ஒண்ணும் முட்டாளாயிட மாட்டேன். ஏற்கனவே இருக்கறதுதான்."

அவள் சொன்னதை நாங்கள் நான்கு பேரும் கேட்டோம். கேட்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை போல ஒரு நாள் அந்த வருடம் அப்புறம் வரவில்லை. மெல்லிய கிழக்குக் காற்று. வெட்டிப்போட்ட புல் ஒரே நாளில் வாடி, பச்சை மங்கி, தேயிலை மாதிரி மணத்தது. லம்மெர்ட் விடியற்காலையிலேயே வரிசை போட்டு வைத்திருந்தான். நான் இயந்திரத்தோடு நுழைந்தேன். அக்கம்பக்கத்து இரண்டு பேர் டிராக்டரில் புல்லை ஏற்றிக்கொண்டுபோய்ப் பண்ணை முற்றத்தின் காங்கிரீட் தளத்தில் கொட்ட, லம்மெர்ட் கனத்த வண்டியை அதன் மேல் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கினான். காற்றுப் போகாமல் இறுகினால்தான் புல் புளித்துக் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். டெர்க்கைச் சக்கர நாற்காலியில் வைத்து, போர்வை சுற்றி, முற்றத்து ஓரத்தில் விட்டிருந்தாள் ஹன்னா. அவன் அங்கிருந்து கையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தான்.

"ஓரத்தை விடறடா, பாரு! ஓரம்! ஓரத்துலதான் பூஞ்சை புடிக்கும்!"

"நீங்க வந்து ஓட்டுங்கப்பா!"

"வந்தேன்னா உனக்கு வேலையில்ல!"

மதியம் ஹன்னா வெளியே மேசை போட்டு உருளைக்கிழங்கும் பன்றித் தொத்திறைச்சியும் பழுப்பு அவரையும் வைத்தாள். கடைசியில் மோர்க் கஞ்சி, பாகு ஊற்றி. டெர்க் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாதவன், கஞ்சியை இரண்டு முறை கேட்டு வாங்கினான். ஒரு பிடி புல்லைக் கொண்டுவரச் சொல்லி, கசக்கி முகர்ந்து, வாயில் போட்டு மென்று துப்பினான். "நல்ல புல்லு," என்றான். சமையலறைக் கடிகாரம் இரண்டு அடித்தபோது நாங்கள் எல்லோரும் மேசையில்தான் இருந்தோம். டெர்க், "நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கஞ்சி எடுத்தான். ஹன்னா அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றைக்கு மாலை பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பழைய டயர்களை மேலே அடுக்கி முடித்தபோது நாங்கள் செய்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை முற்பகல் அவனுக்கு வலிப்பு வந்தது. தாதி குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு கால்மணி நேரம். தெளிந்தபோது கண் திறந்தான், பேசினான், ஆனால் வேறு ஏதோ வருடத்தில் இருந்தான். ஹன்னாவைப் பார்த்து, "அம்மாவ வரச்சொல்லு," என்றான். மழை பெய்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மார்லூஸ் வந்தாள். ஹன்னா சனிக்கிழமையே அவளுக்குச் சொல்லியிருந்தாள், டாக்டர் ஞாயிறும் வந்து பார்த்திருந்தாள். ஒருவேளை தெளிவு திரும்பினால் என்று பையோடு வந்திருந்தாள். நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். முன்னறைக் கதவை யாரும் மூடவில்லை. அவன் காலும் போர்வையும் எனக்குத் தெரிந்தன. பேச்சு எல்லாம் கேட்டது.

"டெர்க், நான் மார்லூஸ். இன்னைக்கு எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? அந்தக் கருப்பு மாடு. கன்னு குறுக்க திரும்பிடுச்சு. சீக்கிரம் போங்க, ஏற்கனவே லேட்டு."

"நான் மாட்டு டாக்டர் இல்ல, டெர்க். உங்க டாக்டர். நாம ஒண்ணு பேசி வச்சிருந்தோமே, ஞாபகம் இருக்கா?"

போர்வை மேலே இழுபட்டது.

"அப்பா," என்றான் லம்மெர்ட். "அப்பா, இங்க பாருங்க. திங்கக்கிழமைன்னு சொன்னீங்களே. இன்னைக்குத் திங்கக்கிழமை. டாக்டர் வந்திருக்காங்க. நீங்க கேட்டீங்கல்ல?"

"நான் யாரையும் கேக்கல."

"கேட்டீங்கப்பா! தாத்தா மாதிரி ஆக மாட்டேன்னு சொன்னீங்க. ஆமாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. ஆமாம்னு சொல்லுங்கப்பா, போதும்."

"லம்மெர்ட், வேண்டாம்," என்றாள் டாக்டர்.

"இருங்க, சொல்லுவாரு. அப்பா! என்னைப் பாருங்க! ஆமாம்னு சொல்லுங்க!"

அவன் குரல் உயர்ந்துவிட்டது. அப்பனைச் சாகச் சொல்லி மகன் கெஞ்சுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. போர்வைக்குள் டெர்க்கின் கால்கள் பின்னால் இழுத்துக்கொண்டன.

"ஏன் சார் திட்டறீங்க?" என்றான் டெர்க். சின்னப் பிள்ளை குரல். "நான் ஒண்ணும் பண்ணலயே."

லம்மெர்ட் முன்னறையிலிருந்து வெளியே வந்து, என்னைத் தாண்டி, செருப்புப் போடாமல் மழையில் இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து மார்லூஸும் ஹன்னாவும் சமையலறைக்கு வந்தார்கள். டாக்டர் பையைத் திறக்கவே இல்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கானே," என்றாள் ஹன்னா.

"போட்டிருக்காரு. அது போதும்னு சொல்ற டாக்டர்களும் இருக்காங்க, ஹன்னா. சட்டத்துல இடமும் இருக்கலாம். இன்னொருத்தர் வந்து திரும்பப் பாக்கணும், அதுக்கு நாளாகும். ஆனா நான் சட்டத்துக்குப் பயந்து சொல்லல. என்னைப் பாத்துப் பயப்படறவருக்கு, மாட்டப் போய்ப் பாருங்கறவருக்கு, என் கையால அந்த ஊசியப் போட எனக்கு வராது. வேற யாரையாவது தேடணும்னா நானே தேடித் தரேன்."

"அந்தப் பழைய டெர்க் உங்களக் கெஞ்சிக் கேட்டானே. அவனுக்கு என்ன பதில்?"

மார்லூஸ் பையைத் தரையில் தள்ளி வைத்தாள். பிறகு, "பதில் இல்ல," என்றாள். "நானும் அன்னைக்குப் போன்ல இன்னும் கண்டிப்பாச் சொல்லியிருக்கணும்."

நான் காபியை ஊற்றி வைத்தேன். செய்ய வேறொன்றும் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாட்களை விவரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் எதற்குப் பயந்தானோ அது எல்லாம் நடந்தது. தலைவலியில் கத்தினான். படுக்கையை நனைத்துவிட்டு, மாற்ற வந்த ஹன்னாவை முகத்தில் அறைந்தான். அவள் திருடி என்றான். என் வீடு வரைக்கும் சத்தம் கேட்டது. புதன்கிழமை அவனைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பது வருடம் சேர்ந்து பெட்டி தூக்கிய கைகளை நான் மெத்தையோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் யாரோ. வேறொரு டாக்டரைத் தேடும் பேச்சு வந்தபோது ஹன்னா, "வேண்டாம், இனிமே அவனை யாரும் எதுவும் கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை மார்லூஸ் தூக்க மருந்தைக் குழாயில் ஏற்ற ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்கு மணி அடிக்கிற நேரத்தில், மூச்சு நின்றது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். தொலைபேசி இருந்தாலும் எங்கள் பாதையில் சாவை நேரில்தான் சொல்வோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி.

"நெனச்ச மாதிரியே போனாரா? அமைதியா?"

"அமைதியா," என்றேன் ஒவ்வொரு வீட்டிலும்.

எக்பெர்ட் வீடு எங்கள் பாதையில் இல்லை. இருந்தாலும் போனேன். எக்பெர்ட் வெளியே போயிருந்தான். அவன் மனைவி ரீக் கதவைத் திறந்தாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம் ஹன்னா. அன்னைக்குத் திங்கக்கிழமை மதியமே போன் பண்ணிக் கேட்டா, புதன்கிழமைய விட்டுத்தர முடியுமான்னு. எக்பெர்ட் உடனே சரின்னுட்டாரு. இந்த மாதிரி நேரத்துல யாராவது முடியாதுன்னு சொல்லுவாங்களா? அப்புறம் நீ பாட்டுக்குப் புதன்கிழமை எங்ககிட்ட வந்து நிக்கற. உனக்குத்தான் ஏதோ தோதுப்படலன்னு நெனச்சோம்."

நான் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஹன்னாவுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவில்லை என்பதும், கேட்டால் கிடைக்கும் என்பதும். புல் எடுத்த வியாழக்கிழமை என் தட்டில் இரண்டாவது தொத்திறைச்சியை வைத்தபோதும் தெரிந்திருக்கிறது.

அடக்கம் முடிந்து எட்டு நாள் கழித்து அவள் என்னைக் காபிக்குக் கூப்பிட்டாள். சமையலறையில் இரண்டே கோப்பைகள்.

"லம்மெர்ட்?" என்றேன்.

"தொழுவத்துல. யாராவது வந்தா உள்ள வர்றதில்ல. என்கூடவும் மேசையில உக்காந்து சாப்பிடறதில்ல, நின்னுகிட்டே தின்னுட்டுப் போறான். நேத்து பாதிரியார் வந்தாரு. அவர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? அப்பாவப் புல்லுக்கு வித்துட்டேன்னான்."

நான் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். என் காபியில் சர்க்கரையே கிடையாது.

"நீ எக்பெர்ட்ட கேக்கல," என்றாள் ஹன்னா.

"கேக்கல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ரீக் சொன்னா."

"சொல்லியிருப்பா." அவள் தலையை ஆட்டினாள். "ரொம்ப நல்லவங்க மாதிரி போன் பண்ணேன் பெரென்ட். வியாழக்கிழமைய மாத்தக்கூடாது, டெர்க் கேட்ட நாள்ல அவன் போகணும்னுதான் பண்ணேன். அவங்க சரின்னதும் போனை வச்சேன். வச்சுட்டு இங்க நின்னேன். அவன் முன்னறையில ரேடியோ கேட்டுட்டிருந்தான். இருமினான். அந்த இருமல் இன்னும் நாலு நாள் இந்த வீட்டுல கேக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான். நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஹன்னா…"

"நாலே நாள். எனக்கு வேணும்னு நான் அவன்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா குடுத்திருப்பான், இல்ல குடுக்காம இருந்திருப்பான். அது அவன் இஷ்டமா இருந்திருக்கும். நான் திருடிட்டேன். அவன் என்னைத் திருடின்னு அடிச்சானே, எனக்கு என்னவோ தெரிஞ்சுதான் அடிக்கறான்னு இருந்துச்சு."

வெளியே பால் கறக்கும் இயந்திரம் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து கோப்பைகளைத் தொட்டியில் வைத்தாள்.

"லம்மெர்ட்கிட்ட சொல்லிடணும். அவன் ஒருத்தனே எல்லாத்தையும் தலையில போட்டுகிட்டுத் திரியறான். அவன் கேட்டது தப்புன்னா, நாம பண்ணது என்ன? வா, ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கே வேணுமா ஹன்னா?" என்றேன். "காயம் கொஞ்சம் ஆறட்டும். நாலு நாள் போகட்டுமே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டது. கோபமாகப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அப்படிப் பார்க்கவில்லை. கை துடைத்த துணியை மடித்து அடுப்புக் கம்பியில் போட்டுவிட்டு, மரச்செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தனியாக முற்றத்தைக் கடந்து போனாள்.

கொஞ்ச நேரம் நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்கம் தாங்காமல் எழுந்து அவள் பின்னால் போனேன். தொழுவக் கதவு கால்பங்கு திறந்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். கறவை நேரத்தில் அதை யாரும் நிறுத்துவதில்லை. மாடுகள் அசைபோடுவது கேட்டது. லம்மெர்ட்டின் குரல் கேட்டது.

"எக்பெர்ட் ஒத்துக்கலன்னு பெரென்ட் சொன்னாரே?"

நான் கதவில் கை வைத்தேன்.

"அவன் கேட்டப்ப ஒத்துக்கல," என்றாள் ஹன்னா. "அதுக்கப்புறம் நான் கேட்டேன். ஒத்துகிட்டாங்க. நான்தான் பெரென்ட்கிட்டயும் சொல்லல, உங்கிட்டயும் சொல்லல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்புறம் ஒரு ஆம்பளை அழுகிற சத்தம் வந்தது. ஹன்னா, "ம், ம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. கதவு கனமான கதவு இல்லை. ஒரு விரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். நான் கையை எடுத்துக்கொண்டு, சரளைக்கல்லில் சத்தம் வராமல் புல் ஓரமாக நடந்து என் வீட்டுக்குப் போனேன்.

அந்த நவம்பரில் எங்கள் பாதையில் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற நாள் வந்தது. வெஸ்ஸெலிங்க் வீட்டு முறை. லம்மெர்ட் கொஞ்சம் தேறியிருந்தான். அம்மாவோடு பேசுகிறான், குறைவாகத்தான், ஆனால் பேசுகிறான். ஒரு பெண்ணோடு பழகுகிறான் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டு கோப்பை ஜின் உள்ளே போனதும் எழுந்து நின்று, எல்லோருக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தான். பேசிப் பழக்கமில்லாதவன், தடுமாறினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எங்க வீட்டுல அந்தச் சமயத்துல எல்லாருமே தப்புப் பண்ணோம்," என்றான். "நான் பண்ணேன். மத்தவங்களும்… சரி, அத விடுங்க. பெரென்ட் ஒருத்தர்தான் அவர் செய்ய வேண்டியதச் சரியாச் செஞ்சாரு. அப்பா உங்களச் சமையக்கட்டுல உக்காரச் சொன்னாரு, நீங்க உக்காந்திருந்தீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எதிரே ஹன்னா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. கத்தி ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. முதல் துண்டுக்கு வெண்ணெய் தடவி, தட்டில் வைத்து, என் பக்கம் நீட்டினாள்.

நான் அதை வாங்கிக்கொண்டு, "நன்றி," என்றேன்.